சுரங்கத்தில் மிச்சமிருந்த ஆள்

ஒக்டோபர் 18, சனிக்கிழமை

சிட்னியிலிருந்து எங்கள் முதியோர் சங்கத்தோடு வொலங்கொங் ஊர்க் கடலோரத்துப் பழைய நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கப் போனேன். உள்ளே போகுமுன் ஆளுக்கொரு பித்தளை வில்லை தந்தார்கள். வெளியே வந்ததும் அதைப் பலகையில் மாட்ட வேண்டும். மாட்டாதவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவரைத் தேடாமல் ஒருவரும் வீடு போகக்கூடாது. அந்தக் காலத் தொழிலாளரின் வழக்கமாம். எனக்குப் பிடித்த ஒழுங்கு.

திரும்பும்போது பலகையில் ஒரு வில்லை குறைந்தது. பஸ் நகரவில்லை.

"கவனமில்லாத சனம்! எல்லாரும் பையைத் திறந்து பாருங்கோ" என்று பழைய ரீச்சர் பழக்கத்தில் நான்தான் அதட்டினேன். பார்த்தார்கள். கடைசியில் என் கைப்பையையும் திறந்தேன். செபமாலையோடு சிக்கிக்கொண்டு கிடந்தது.

பேசாமல் சீட்டுக்கு அடியில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. போடவில்லை. தலைநிமிர்ந்து இறங்கிப்போய் மாட்டினேன்.

"ரீச்சர் வெளியால வந்திட்டா, இனி பஸ்ஸை எடுங்கோ!" என்று சங்கத்து மேரி கத்தினாள். ஒரே கைதட்டல். முன்பு அங்கேயே வேலை செய்த வழிகாட்டிக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்தார்.

சிட்னி வரும்வரை என்னை வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கணவர் காலமான பிறகு நான் வந்து சேரட்டும் என்று ஒருவரும் காத்திருந்ததில்லை. இன்று ஒரு பஸ்ஸே காத்திருந்தது.