சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
5-7-2004, திங்கட்கிழமை.

அன்புள்ள செல்வாம்பாளுக்குத் தணிகாசலம் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் கேட்க இன்று எனக்குத் தகுதி இல்லை. காரணம் உள்ளே இருக்கிறது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இன்று மதியத்துக்குள் கொடுத்தால் புதன்கிழமை காலை பெங்களூரில் கிடைத்துவிடும் என்று கடையில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை நீ ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முன்னால் இதை நீயே படித்து முடிக்க வேண்டும். சரிதாவிடமோ மாப்பிள்ளையிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. உனக்காக எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை எழுதுவது சுலபம். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. பால் அரை லிட்டர் போதும் என்று ஆதிலட்சுமியிடம் சொன்னேன். "அக்கா இல்லாம நீங்க எளச்சிட்டீங்க சார்" என்று அவள் கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டுப் போகிறாள். மாடிக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ரசம் வைக்கப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் உப்பு கூடும், ஒரு நாள் குறையும். சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமை சரிதா போன் செய்தாள். "மாத்திர கேக்கவே மாட்டேங்குதுன்றாரு டாக்டர். வெள்ளிக்கிழம வாய் வழியா டியூப் விட்டுப் பாக்கப் போறாங்களாம். மருந்துக்கு அடங்கலன்னா ஆபரேஷன் வரைக்கும் யோசிக்கணுமாம்பா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அறுபத்துநாலு வயதில் உனக்கு ஆபரேஷன். அவள் பேசப் பேசப் பின்னால் நீ இருமுவது கேட்டது. பதினான்கு தடவை. எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினேன்.

அதன் பிறகு நானே இரண்டு முறை போன் செய்தேன். முதல் தடவை மாப்பிள்ளை எடுத்தார். அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை கவிநிலா எடுத்து, ஸ்கூலில் புதிதாகக் கற்றுக்கொண்ட ஆங்கிலப் பாட்டை முழுதும் பாடினாள். கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது பாட்டியின் இருமலைப் பற்றியது. வாயால் சொல்ல என்னால் ஆகவில்லை. எழுதத்தான் வரும்.

செல்வா, மாத்திரை கேட்காமல் இல்லை. கேட்டது. ஏப்ரல் மாதம் நீ இருமாமல் தூங்கினாய். அதன் பிறகு அதைக் கெடுத்தது நான்.

ஒழுங்காக, தேதிவாரியாகச் சொல்கிறேன். இல்லையென்றால் நானே எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

போன வருஷம் ஆகஸ்டில் உனக்கு இருமல் பிடித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். நான் நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்கு இருமினாய், எத்தனை தடவை, எந்த சிரப் எத்தனை மூடி. எக்ஸ்ரே எடுத்தோம், சளிப் பரிசோதனை செய்தோம், மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். மூன்று இடத்திலும் டாக்டர் "என்ன செய்யுதும்மா" என்று உன்னைத்தான் கேட்டார். நோட்டைத் திறந்து படித்தவன் நான். நொத்தேர் ஆபீசில் முப்பத்தாறு வருடம் அதுதான் என் வேலை. பத்திரம் எழுத வந்தவர்கள் சொல்ல வேண்டியதை நான் எழுதி, நானே உரக்கப் படிப்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நீயும் தலையாட்டினாய். நெஞ்சு எரிகிறது என்று நீ என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாய். ஊறுகாயைக் குறை என்று சொன்னேன். அதற்கு நோட்டில் பத்தி போடவில்லை. பத்தி இல்லாததை எந்த டாக்டருக்கும் நான் படிக்கவில்லை.

பொங்கல் கழிந்து கோவிந்தராசு எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தார். எங்கோ ஒரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டியை இழந்தவர், சத்தமாகப் பேசுகிறவர். அவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், பேப்பர் கேட்டு வந்தவர் நீ இருமுவதைப் பார்த்துவிட்டு, நான் நோட்டை எடுக்க எழுவதற்குள் உன்னிடம் கேட்டார். "அண்ணி, சாப்ட்டுப் படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் ஏறி வருதா?" நீ ஆச்சரியப்பட்டு, "ஆமாம் தம்பி, இத யாருமே என்னக் கேக்கலியே" என்றாய்.

யாருமே என்றாய். நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார். வயிற்றுப் புளிப்பு மேலே வந்து தொண்டையை அரிக்கிறது, இருமல் அங்கிருந்து வருகிறது, குணமாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நீ இருமல் வந்து தண்ணீர் குடிக்க வெளியே போனபோது அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். காலையில் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். படுக்கையின் தலைப்பக்கம் உயரமாக. சீட்டில் காலை ஒன்று என்று மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் என் நோட்டில்தான்.

மறுநாளே கோவிந்தராசு சைக்கிள் கேரியரில் நான்கு செங்கல் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து நம் கட்டிலைத் தானே தூக்கி, தலைப்பக்கக் காலுக்கு இரண்டிரண்டாக வைத்துவிட்டு, "இனிமே வழுக்கிக்கினு கீழ வந்தா அண்ணனப் புடிச்சிக்குங்க" என்றார். நீ சிரித்தாய். எட்டு மாதமாக நீ சிரித்து நான் பார்க்கவில்லை, சிரித்தால் இருமல் வரும் என்று. அன்றைக்கு வரவில்லை. நம் கட்டிலுக்கு அடியில் அவர் வைத்த செங்கல். அதன் மேல் நான் எப்படித் தூங்கினேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை.

ஏப்ரலில் உன் இருமல் பாதியாகி, கால்வாசியாகி, ஒரு நாள் நோட்டில் எழுத ஒன்றுமே இல்லாமல் போயிற்று. தெருவில் யார் கேட்டாலும் "எதிர்வீட்டுத் தம்பிதான் கண்டுபுடிச்சிது" என்றாய். மாத்திரையில் சந்தேகம் வந்தால் கையில் நோட்டோடு இருந்த என்னைத் தாண்டி வாசலுக்குப் போய் அவரைக் கேட்டாய். அவருக்கு டீயில் சர்க்கரை கம்மி என்பது ஒரே வாரத்தில் உனக்குத் தெரிந்துவிட்டது. நீ டீயையே விட்டுவிட்டவள், அவருக்காக மட்டும் அடுப்பில் ஏற்றினாய். அந்த மாத நோட்டின் ஓரத்தில் 'கோ' என்று சின்னதாக எழுதியிருப்பேன். அது மருந்தின் பெயர் என்று அங்கே நோட்டைப் பார்க்கும் மாப்பிள்ளை நினைத்திருந்தால், இல்லை என்று சொல்லிவிடு. அவர் வந்த நாட்கள் அவை. ஏப்ரலில் பதினேழு.

மே பதினெட்டாம் தேதி நான் வாசலில் கோலப்பொடி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கோவிந்தராசு தன் மாடியில் இருந்தபடியே கேட்டார். "அண்ணே, அண்ணிக்கு மாத்திர வெறும் வயித்துலதான குடுக்கறீங்க? மறந்துறப் போறீங்க." நான் மறந்துவிடுவேனாம். தெருவே கேட்கும்படி.

மறுநாள் காலை நீ மாத்திரைக்குக் கை நீட்டியபோது, இனிமேல் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், முதல் இரண்டு மாதம்தான் வெறும் வயிறு, டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்றேன். நீ இரண்டு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். "நீங்க எழுதி வச்சிருப்பீங்க, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி இட்லிக்கு உட்கார்ந்தாய். அப்புறம்தான் எழுதினேன். 'இன்று முதல் உணவுக்குப் பிறகு, டாக்டர் சொன்னபடி.' அந்த வரி பொய். டாக்டர் சொல்லவில்லை. ஆபீசில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால்கூட ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தவன் நான்.

அதோடு நிற்கவில்லை. கட்டில் ஆடுகிறது என்று சொல்லிச் செங்கல்லை எடுத்தேன். கட்டில் ஆடவில்லை. ஏழு மணிச் சாப்பாட்டை எட்டாக்கி, ஒன்பதாக்கினேன். கோவிந்தராசு கேட்டபோது நீ, "டாக்டரே மாத்திச் சொன்னாராம் தம்பி" என்றாய். டாக்டர் என்றதும் அவர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்தது.

மாதக் கடைசியில் இருமல் திரும்ப வந்தது. செல்வா, இந்த வரியை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ எழுந்து உட்கார்ந்து இருமிய முதல் நாள் நான் உனக்கு வெந்நீர் கொண்டுவந்தேன், முதுகைத் தடவினேன், மனசுக்குள் நிம்மதியாக இருந்தேன். அவர் வைத்தியம் பலிக்கவில்லை என்று ஆயிற்று, நீ மறுபடி என் நோட்டுக்கு வந்துவிட்டாய் என்று நிம்மதி. அவர் வாசலில் நின்று, "நான்தான் தப்பா சொல்லிட்டனோ அண்ணி" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சரிதா வந்து உன்னை அழைத்துக்கொண்டு போனபோது நோட்டையும் பெட்டியில் வைத்தவன் நான்தான். அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை தினமும் டிபன் ஆனதும் மாத்திரையை எடுத்துத் தருகிறாராம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றோடு நாற்பத்தெட்டு நாள்.

நேற்றுக் காலை எதிர்வீட்டு மாடிக்குப் போனேன். அந்தப் படியில் இதுவரை ஏறியதில்லை. கோவிந்தராசு மீன் அலசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நான் சொன்னது தப்பில்லியா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு மாதமாக அந்த மனிதர் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, எம்மேல கோவம்னா என்ன நாலு திட்டியிருக்கலாமில்ல. அண்ணி தொண்ட உங்கள என்னா பண்ணிச்சி?" என்றார்.

அவர் உடனே உனக்குப் போன் செய்யப் போனார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். புதன்கிழமை வரை பொறுங்கள், என் கடிதம் முதலில் போய்ச் சேரட்டும் என்றேன். இருமலின் காரணத்தை அவர் முதலில் சொல்லிவிட்டார்; இதையாவது நான் முதலில் சொல்ல வேண்டும் என்று. இதற்காக உனக்கு இன்னும் மூன்று நாள் தப்பான வேளையில் மாத்திரை. இந்த வயதிலும் எனக்குள் இருப்பது இதுதான். "எழுதிக்கினே இருங்க. புதன்கிழம பத்து மணி அடிச்சா நான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். அவரை நீ நம்புவாய் என்பதும் எனக்குத் தெரியும். அது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கடிதம் கிடைத்த மறுநாள் காலையிலிருந்து மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு அரைமணி நேரம் கழித்துச் சாப்பிடு. ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடு. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தித் தரச் சொல். தலையணையை மட்டும் அடுக்கினால் போதாது. டியூப் விடுவதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது, அது டாக்டர் முடிவு. ஆனால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் முடிவெடுக்கக் கூடாது. நாற்பத்தெட்டு நாளும் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

என் புருஷன் பொய் சொல்லி மாற்றிக் கொடுத்தார் என்றே சொல். வேறு வார்த்தை தேடாதே. சரிதாவுக்குத் தெரிந்தாலும் தெரியட்டும். அவள் என்னோடு பேசாமல் இருந்தால் அதுவும் எனக்குச் சேர வேண்டியதுதான். இங்கே எப்போது வருவது, வருவதா என்பதையும் நீயே முடிவு செய். நான் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை டாக்டர் எதிரில் உட்காரும்போது மாப்பிள்ளையைப் பேச விடாதே, இந்தக் கடிதத்தையும் எடுத்துப் படிக்க விடாதே. எங்கே எரிகிறது, எப்போது ஏறி வருகிறது, எல்லாவற்றையும் நீ சொல். நடுவில் இருமல் வந்தால் நிறுத்து. தண்ணீர் குடி. மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கு. நீ சொல்லி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருக்கட்டும்.

உன் தொண்டை ஆற வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கும்,
தணிகாசலம்.