மேடையையும் சேர்த்து எண்பத்தொன்பது

ஜூலை 14, 2002

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் ஹாஸ்டல் அறை ஜன்னல் இப்போதாவது மூடுகிறதா? நலம் விசாரித்தாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன். நம் இணையதளம் சிமிட்டுகிறது.

நான் ஒன்றும் செய்யவில்லை. ‘ஏறிய படிக்கட்டுகள்’ என்ற தலைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று, நீ எழுதி வைத்த நோட்டைப் பார்த்து இரண்டே இடத்தில் தட்டினேன். இப்போது பக்கம் முழுக்க மருந்துக்கடைப் பலகை மாதிரி எரிந்து எரிந்து அணைகிறது. “கண்ணு வலிக்குது, முதல்ல அதை மூடுங்க” என்கிறாள் அம்மா. நீ போட்ட கறுப்புப் பின்னணியையும் மஞ்சள் எழுத்தையும் நான் தொடவே இல்லை, சத்தியமாக.

வேலை இடத்தில் விஷயம் தெரிந்துபோய்விட்டது. “லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படிக்கட்டு மேல என்னய்யா காதல்?” என்று கேட்கிறார்கள். லிஃப்ட் நின்ற பிறகுதானே என்னைக் கூப்பிடுகிறார்கள்? அப்புறம் நான் எதில் ஏறிப் போவதாம்? இதுவரை அறுபத்தொரு படிக்கட்டு ஏறி, எண்ணி, படம் எடுத்துப் போட்டாயிற்று. திருப்பத்தில் வரும் மேடையையும் ஒரு படியாகவே எண்ணுகிறேன். கால் வைக்கிறோம் இல்லையா? இது நம் இருவருக்குள் இருக்கட்டும். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள்.

பக்கத்தின் அடியில் நீ வைத்த வருகை எண்ணி, 212 பேர் வந்திருப்பதாகக் காட்டுகிறது. அதில் நூற்றுத் தொண்ணூறு நான்.

உன் அறைத்தோழிக்கும் ஒரு தளம் செய்து தருகிறாயாமே? செய், நல்ல காரியம். ஆனால் நம் தளத்தில் சுழலும் படிக்கட்டுப் படத்தை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா

---

அக்டோபர் 3, 2011

அன்புள்ள வாலுக்கு,

நம் தளத்துக்கு இலவசமாக இடம் கொடுத்தவர்கள் கடையை மூடுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காதில் போனை வைத்துக்கொண்டு, “அப்பா, அதை அழுத்தாதீங்க, அதுக்குப் பக்கத்துல இருக்கறதை” என்று சொல்லிச் சொல்லியே நூற்று நாற்பது படிக்கட்டையும் காப்பாற்றிவிட்டாய். விருந்தினர் குறிப்பேடு போனது போனதுதான். அதில் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் திட்டியிருந்தார். இப்போது அவரைக்கூடத் தேடுகிறது.

மாப்பிள்ளை நலமா? சம்பந்தியை மிகவும் கேட்டதாகச் சொல். என்ன மனுஷர் அவர்! கல்யாண வாரத்தில் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள், அவர் ஒருவர்தான் என் தளத்தைப் பற்றிக் கேட்டார். பெரிய எஞ்சினியர், பத்தாவதில் இரண்டு வருடம் தங்கிப் படித்த என் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படி எண்றீங்க, எப்படிப் படம் எடுக்கறீங்க” என்று ஒன்று விடாமல் கேட்டார். மேடை ரகசியத்தை மட்டும் விட்டுவிட்டு, நானும் மந்திரி கணக்காக விளக்கினேன்.

நீ செய்து தருகிறேன் என்ற புது அமைப்பு இப்போது வேண்டாம். இருப்பதே நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா

---

மார்ச் 9, 2023

அன்புள்ள மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சம்பந்தியின் இணையதளம் பார்த்தேன். நீ சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் பெருமையாக அனுப்பினார். ‘மேலே போகும் வழி’. படிக்கட்டுகள்! உலகத்தில் கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, பாலம் இருக்கிறது. எஞ்சினியருக்குப் பாலம் போதாதா?

குறை சொல்லவில்லை. தளம் அழகுதான். விரலால் தள்ளத் தள்ளப் படி படியாக விரிகிறது. போனில் பார்த்தால் போனுக்கு ஏற்ற மாதிரி சுருங்குகிறது. என் தளத்தைப் போனில் பார்த்தால் எறும்புக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. இருபது வருடமாக நான் ஏறியதெல்லாம் அந்தக் கறுப்பில் கிடக்க, ஓய்வு பெற்ற பிறகு ஏழே ஏழு படிக்கட்டு ஏறியவர் மாளிகையில் இருக்கிறார்.

கடைசியில் சின்ன எழுத்தில், ‘வடிவமைப்பு: என் மருமகள்’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள். கண் வலி என்றேன்.

அவருக்குச் செய்து கொடுக்க நேரம் கிடைத்ததே, சந்தோஷம்.

இப்படிக்கு,
உன் தகப்பன்

---

மார்ச் 26, 2023

அன்புள்ள அப்பா,

மூன்று முறை உங்கள் தளத்தைப் புதுப்பித்துத் தருகிறேன் என்றேன். மூன்று முறையும் “இப்ப வேண்டாம்மா” என்றீர்கள். மாமா ஒரு முறை கேட்டார், செய்துகொடுத்தேன். என் பெயரைப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவராகவே போட்டார்.

பொறாமை உங்களுக்கு மட்டும்தான் வருமா? எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து உங்கள் படிக்கட்டுகள் மேல் பொறாமை. என் பள்ளி ஆண்டு விழா அன்று நீங்கள் கோர்ட்டுக் கட்டடத்தில் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். தளம் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது நான் ஏன் துள்ளிக் குதித்தேன் தெரியுமா? வாரம் ஒரு மணி நேரமாவது பக்கத்தில் உட்காருவீர்களே என்றுதான்.

இதை விடுங்கள். எழுத வந்தது வேறு.

போன வாரம் மாமாவின் தளத்துக்கு முதல் வாசகர் கடிதம் வந்தது. ‘உண்மை விளம்பி’ என்று ஒருவர். “நூலகப் படிக்கட்டு எண்பத்து நாலு என்று போட்டிருக்கிறீர்கள். எண்பத்தொன்பது. எண்ணத் தெரியாதவர்கள் ஏன் ஏற வேண்டும்?” மாமா வருத்தப்படவில்லை, பயந்துவிட்டார். முழங்கால் வலியோடு மறுநாளே போய் மூன்று முறை ஏறி எண்ணினார். மூன்று முறையும் எண்பத்து நாலு. வீட்டுக்கு வந்து, “அந்த அஞ்சு படி எனக்கு ஏம்மா தெரிய மாட்டேங்குது?” என்றார். அவருடைய அண்ணா மறதி நோயில் போனது உங்களுக்குத் தெரியும். பேரன்கள் பெயரைக் காகிதத்தில் எழுதித் தன்னையே சோதித்துக்கொள்கிறார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகப் போகிறார்.

அந்தப் படிக்கட்டில் மேடை ஐந்து. மேடையைப் படியாக எண்ணுகிறவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

நானே அவரிடம் சொல்லியிருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மகள்

---

மார்ச் 28, 2023

அன்புள்ள மகளுக்கு,

மேடையை எண்ணுகிறவர் இன்னும் எத்தனையோ பேர் இருக்கலாம். அதுவும் உன் கல்யாண வாரத்தில் நான் ஏறியபோதே அது எண்பத்தொன்பதுதான். எவனோ உண்மையைச் சொன்னால் அது என் தப்பா?

அப்பா

---

மார்ச் 29, 2023

அப்பா,

நாளைக்கு வியாழக்கிழமை.

---

ஏப்ரல் 2, 2023

அன்புள்ள வாலுக்கு,

உன் ஒரு வரி மெயில் கிடைத்த அன்றைக்கே கிளம்பி, ரயிலில் கழிவறைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். எதற்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். நூலகத்துக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

சம்பந்தியை டாக்டரிடம் போகும் வழியிலேயே பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனேன். இருவரும் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினோம். முதல் திருப்பத்தில் அவர் பதினாலு என்று நின்றார். நான் மேடையில் காலை வைத்துப் பதினைந்து என்றேன்.

“சம்பந்தி, அது மேடை.”

“எனக்கு அது படிங்க.”

அவர் என்னையே பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். “அப்ப என் தலை நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “அந்தக் கடிதம் வந்த அன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஊர் பேர் தெரியாத ஒருத்தர் என் பக்கத்தைப் படிச்சிருக்காரேன்னு. அது நீங்கதானா?” என்றார்.

இருபது வருடமாக வருகை எண்ணியில் என்னையே எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதைத்தான் அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். “சரி விடுங்க” என்றார். ஆனால் மீதி மாடி ஏறவில்லை. நான் கை கொடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

மன்னித்துவிட்டார் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. தெரியவில்லை. டாக்டரிடம் போகவில்லை என்பது மட்டும்தான் உறுதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னும் பத்து வருடம் மனதில் வைத்துப் புழுங்குவேன். வீட்டுக்குத் திரும்பியதும் நீ இருவருக்கும் டீ கொண்டுவந்தாய். அவருக்குப் பிடி உடைந்த பெரிய கப். விரலால் சூடு பார்த்து, “கொஞ்சம் ஆறட்டும் மாமா” என்று ஜன்னல் ஓரத்தில் வைத்தாய். எனக்குப் பூப்போட்ட கப், சாஸரோடு, இரண்டு பிஸ்கட் வைத்து நீட்டினாய்.

அந்த மாளிகைத் தளத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி எரியவில்லை, வாலு. நான் எந்தக் கட்டடத்தில் எதை எண்ணிக்கொண்டிருந்தபோது உன் வீட்டில் விருந்தாளி ஆனேன் என்று திரும்பும் ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். ஆண்டு விழா என்று நீ எழுதியிருந்தாய். அதற்கும் முன்னாலேயே இருக்கும்.

அடுத்த மாதம் வருகிறேன். கேமரா கொண்டுவர மாட்டேன். சாஸர் மட்டும் வேண்டாம்மா.

அப்பா