நானாட்டான் நிலக்கரி

மார்ச் 11, செவ்வாய்

காலை 9.17. அலெக்ஸாண்டரின் அழைப்பு. நானாட்டான் ஊரில் நிலத்தில் துளை போடுகிற எங்கள் கம்பனியின் முதலாளி. "டேய் நிறோஜன், கரி வந்திட்டுது! வீட்டிலை கிடந்தது காணும், வா."

என் மனைவி றொஷேலைப் புதைத்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அவன் குரலில் அவ்வளவு சந்தோசம்.

மார்ச் 12

பார்த்தேன். துளைக்குழாயில் ஏறி வருகிற கல் உருளையாக இருக்கும். இது சுத்தியலால் உடைத்த கட்டி. ஒட்டியிருந்த களிக்கல்லில் சாய்சதுரம் சாய்சதுரமாக அச்சு. கம்பஸில் பாறையியல் படிக்கும்போது பார்த்ததுதான்: முப்பது கோடி வருசத்துக்கு முந்தி, கார்போனிஃபெரஸ் காலத்துச் சதுப்புக் காட்டு மரத்தின் பட்டை. ஐரோப்பாவில், அமெரிக்காவில் தோண்டுகிறார்கள். நானாட்டானுக்குக் கீழே அந்தக் காலத்துப் பாறையே இல்லை. கப்பலில் வந்த கரியைக் கொண்டுவந்து துளையடியில் கொட்டியிருக்கிறான்.

கேட்டேன். "உனக்கேன்? பக்கத்துக் காணியெல்லாம் என்ர பேரிலை. விலை ஏறட்டும்" என்று சிரித்தான்.

சீ.

மார்ச் 13

இரண்டு தரம் குளித்தும் நகத்துக்குள் கறுப்பு.

மார்ச் 15, சனி

றொஷேலின் முப்பத்தோராம் நாள் பூசை. பிறகு கீரிக் கிராமத்தில் அவள் அப்பா வீட்டில், என் மாமா வீட்டில், சாப்பாடு. அலெக்ஸாண்டரும் வந்தான், அந்தக் கட்டியோடு. இறைச்சிக் கறி தின்ற கைகள் மாறி மாறி அதைத் தடவின. பூசையோடு அவளும் முடிந்துவிட்டாள் போல. கரி, கரி, கரி.

மாமா அச்சைப் பார்த்துத் துள்ளினார். "இஞ்ச பாருங்கோ, விளைமீன் செதில்! கல்லாப் போச்சு!" மீன்பிடி வள்ளத்தையும் எஞ்சினையும் விற்று நானாட்டானில் காணி வாங்கப்போகிறாராம்.

"தோமஸ் அண்ணை தொழில் தெரிஞ்ச ஆள்" என்று மாமாவின் முதுகில் தட்டினான் அலெக்ஸாண்டர்.

"மாமா, அது மரப்பட்டை."

"தம்பி, நீர் கல்லுப் படிச்சனீர். செதில் எனக்குத் தெரியும்."

"அப்ப வாலிலை இருந்து தலைக்கு நகத்தாலை உரசுங்கோ. செதில் எண்டா ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்குமெல்லே? நகம் சிக்கிக் கொளுவவேணும்."

உரசினார். திருப்பிப் பிடித்து உரசினார். நாலு பக்கமும் உரசினார். கொளுவவில்லை.

"இதை எங்க எடுத்தனீர்?" என்று அலெக்ஸாண்டரைக் கேட்டார்.

"அண்ணை, அவன் மனிசி செத்த கவலையிலை உளறுறான்."

என்ர றொஷேலைச் சொல்லியோடா தப்பப் பார்க்கிறாய்? கப்பல் கரியைக் கொட்டிப்போட்டு — கத்தினேன். எல்லாம் சொன்னேன். பிறகு வேலியடியில் போய்ச் சத்தி எடுத்தேன்.

மார்ச் 16

வேலை போய்விட்டது. ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 18

விடியமுதல் மாமா வாசலில். "எஞ்சின் தூக்க ஒரு கை வேணும். வாறீரோ?" போனேன். கடலில் பாதி வழியில் எனக்குக் குமட்டியது. "றொஷேலும் இப்பிடித்தான், வள்ளத்திலை ஏத்தினா என்ர மடியிலைதான் சத்தி" என்றார்.

கரைக்கு வந்து பார்த்தால் அலெக்ஸாண்டரின் குரல்பதிவுகள் வரிசையாக. "சனத்திட்டை, கப்பல் கரிக் கதை சும்மா பகிடிக்குச் சொன்னனான் எண்டு சொல்லு மச்சான், வேலையைத் திரும்பத் தாறன்." மச்சானாம்.

போனை நிறுத்திவிட்டேன்.