எனக்கு மட்டும் வராதது

பிப்ரவரி 9, 2017

இன்று காலை தங்கை ரூத்தா பெரியவளானாள். வயது பதின்மூன்று. எங்கள் தீவு வழக்கப்படி கிழக்கே பார்த்துப் பாயில் உட்காரவைத்து, கயிறு திரிக்கத் தேங்காய் நாரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் எழுந்திருக்கக் கூடாது. சமைத்ததைத் தொடக் கூடாது.

எனக்குப் பதினாறு. எனக்கு இன்னும் பாய் போடவில்லை.

பிப்ரவரி 12

விருந்து. பன்றிக் கறியும் சீமைப்பலாவும் பரிமாறும்போது தியாரே அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி, பெரியவ அகெனெத்தே இன்னும் பலகையாட்டம் நிக்கிறா? இவளுக்கு எப்ப?"

சிரிப்பு. அம்மா சட்டென்று சொன்னாள்: "இவளுக்கா? போன வருஷமே முடிஞ்சுது. அபயாங் தீவுல எங்க அக்கா வீட்ல வச்சு செஞ்சோம்."

பொய். அதன்பின் அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை.

பிப்ரவரி 13

இனிமேல் வந்தாலும் எனக்குப் பாய் கிடையாது. ஏம்மா அப்படிச் சொன்ன?

மார்ச் 3

பள்ளிக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனேன். வகுப்பில் நான்தான் குட்டை. குளிக்கும்போது நெஞ்சைப் பார்ப்பதே இல்லை — பார்த்து என்ன ஆகப்போகிறது? நர்ஸ் கேட்டார்: "இவ்ளோ நாள் ஏம்மா வரல? அம்மாவக் கூட்டிட்டு வா."

மார்ச் 6

"அங்க நம்ம ஆளுங்க வேல பாக்குறாங்க. விருந்துல சொன்னது பொய்னு வெளிய வந்துடும்" என்று அம்மா மறுத்தாள். மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. இன்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் சோதனை இங்கே கிடையாதாம்; ரத்தம் எடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 20

பிறவியிலேயே கோளாறாம். சினைப்பை வேலை செய்யவில்லை, அதனால் ஹார்மோன் சுரக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டால் மார்பு வளரும், பிறகு மாதவிலக்கும் வரும் என்றார் டாக்டர்.

"குழந்த?" அம்மாதான் கேட்டாள்.

"தானா உண்டாகாதும்மா."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஏப்ரல் 21

எழுத வரல. நான் என்ன பண்ணேன்? என்ன பண்ணேன் நான்?

ஆகஸ்ட் 30

மார்பு வலிக்கிறது. சட்டை உரசினாலே உயிர் போகிறது. இதற்காகத்தானே ஏங்கினேன்? வேறு யாருக்கோ வளர்கிற மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 2

மாத்திரை. அவ்வளவுதான்.

அக்டோபர் 14, 2018

வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு துணியை என் கையில் திணித்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. போ, தண்ணி மொண்டு வா."

கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரூத்தா பின்னாலேயே வந்துவிட்டாள். காதில் விழுந்திருக்கிறது. வாளியைப் பிடித்து இழுத்தாள்.

"விடுக்கா. மூணு நாளைக்கு நான் மொண்டுக்கறேன்."

"இது மாத்திரையில வந்ததுடி."

"இருக்கட்டும். வலிக்குதுல்ல?"

வலித்தது. வாளியை விட்டுவிட்டேன்.