தாடி ஓணான்களும் மூன்றாவது பந்தியும்

ஜூலை 5, சனி

காலை ஏழு மணிக்கே வெயில். கச்சான் காற்று, வீடெல்லாம் மண். இரண்டு தடவை கூட்டியாயிற்று.

இன்றைய வேலை:
கடிதம் முடிப்பது.
ஒன்பதாம் ஆண்டு பேப்பர் திருத்துவது (இன்னும் 31).
மீன்காரரிடம் சூரை.
ஓணான்கள் மு., த. நிறை எடுப்பது.

பேப்பரைத் தொடவில்லை. கடிதம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது, எனக்கே தெரிகிறது.

பின்னாளில் மறந்துபோனால் நானே வாசிக்க: வெளிநாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று புது விதி வரப்போகிறது. வரைவு வந்துவிட்டது. இப்போது வைத்திருப்பவர்களும் ஒப்படைக்க வேண்டுமாம். 15ஆம் திகதி அம்பாறைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பொதுமக்கள் கருத்துக் கேட்கிறார்கள். இந்தக் கரையில் வளர்ப்பவர்கள் ஏழு பேர், ஊர்வன பதினான்கு. ஏழு பேருக்கும் பேசப்போவது நான். உயிரியல் படிப்பிப்பவள், சிங்களம் வரும், வாயும் உண்டு. மூன்றாவதுதான் முக்கிய தகுதி என்கிறார் மச்சான். கல்யாணம் முடித்துப் பதினாறு வருடம், அவருக்குத் தெரியாததா.

கடிதத்தில் ஐந்து பந்தி. மூன்றாவது பந்திதான் பலம். விதி போடுகிற திணைக்களம் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்கு: இவை தப்பிப்போய் காட்டிலும் வயலிலும் பெருகிவிடும். அதற்கு நான் எழுதியது: "எங்களில் எவர் வீட்டிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து இல்லை. பதினான்கையும் உயிரியல் ஆசிரியையான நானே பரிசோதித்தேன். அவை பெருக வழியே இல்லை." கீழே என் கையெழுத்து. ஓணான், பல்லிகளில் பார்க்கும் முறையையும் எழுதினேன். வாலை மெல்ல உயர்த்தி, டோர்ச் அடித்து, வாலடியில் புடைப்பு ஒன்றா இரண்டா என்று பார்ப்பது. இரண்டென்றால் ஆண். இதில் எனக்குப் பிழை வராது.

என்னிடம் இருப்பவை இரண்டு தாடி ஓணான்கள், அவுஸ்திரேலியச் சாதி. இரண்டும் ஆண். பல்புக்குக் கீழே கல்லில் குந்திக்கொண்டு, கடைக்கு வருகிற ஆட்களை அளப்பதுபோல் பார்ப்பவன் முதலாளி. பிரதேச சபைத் தலைவர் மாதிரி ஒரு கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே இருப்பவர் தவிசாளர். தேர்தல் முடிந்தும் கை காட்டுவதை விடவில்லை என்று சொல்லிச் சொல்லி நானும் பிள்ளைகளும் சிரிப்போம்.

நிறை: மு. 390 கிராம், த. 445. த. நன்றாகத் தேறியிருக்கிறார். என் கவனிப்பு.

ஜூலை 7, திங்கள்

பாடசாலை விட்டு நேரே அக்கரைப்பற்று, கடைசிக் கையெழுத்து வாங்க. பஸ்ஸில் நெரிசல். பின் சீட்டில் இரண்டு பெண்கள், எனக்குக் கேட்காது என்ற நினைப்பு.

"அந்தா, ஓணானுக்குச் சோறு போடுற டீச்சர்."

"பல்லிய அடிச்சா நன்மை எண்டு சொல்ற ஊரில இவ வளக்கிறாவாம் கா."

திரும்பி, இது பல்லியில்லை ராத்தா, சோறும் தின்னாது என்றேன். மௌலவியிடம் கேட்டுவிட்டுத்தான் வளர்க்கிறேன் என்றும் சொன்னேன். கேட்டது உண்மை. வதைக்காமல் வளர்த்தால் சரி என்று சொல்ல அவர் வெகுநேரம் யோசித்ததை மட்டும் சொல்லவில்லை.

துணிக்கடைக்காரர் இகுவானா வைத்திருக்கிறார். வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். டீச்சர் எழுதினால் சரிதானே என்றார். கடிதம் பதிவுத் தபாலில் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் செல்வம் காத்திருக்கிறார். பாண்டிருப்பில் வயல் செய்பவர், நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு ஒன்று வளர்க்கிறார். மருந்தடிக்காத வயலில் பிடித்த வெட்டுக்கிளி ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்திருந்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், ரெண்டு கடுவனை ஒண்டா விட்டா அடிபடாதா?"

வளர்ப்பு அப்படி என்றேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

த. மூலையில் மண்ணைக் கிளறுகிறார். பேப்பர் இன்னும் 31.

ஜூலை 9, புதன்

காலையில் இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெட்டிக்குச் சூடு குறைந்துவிட்டதோ என்று சாதிக்கைக் கூப்பிட்டேன். சாய்ந்தமருதில் பிரிட்ஜ் திருத்துபவர். நான்கு சிறுத்தைப் பல்லி வைத்திருக்கிறார், தனித்தனிப் பெட்டி இல்லை, நான்கும் ஒன்றாக. நான்கும் பெண் என்று பார்த்துக் கொடுத்ததும் நான்தான். சூடு சரியாக இருக்கிறது என்றார்.

த. இரண்டு நாளாகத் தின்னவில்லை. கிளறுவது மட்டும் கூடியிருக்கிறது. என் முடிவு: இடம் போதவில்லை, பெரிய பெட்டி கேட்கிறார். மச்சான் எட்டிப் பார்த்து, வயிறு பெருத்திருக்கிறதே, இரண்டாவது பிள்ளைக்கு நீ இருந்த மாதிரி என்றார். இரும்புக் கடைக்காரருக்கு உயிரியல் எதற்கு என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடி முன் சிங்களத்தில் பேசிப் பார்த்தேன். மூன்றாவது பந்தி வரும்போது குரல் தானாக உயர்கிறது. கச்சேரி அதிரும்.

ஜூலை 11, வெள்ளி

பதினொன்றரைக்குப் பாடசாலை விட்டது. வீட்டு வாசலில் மச்சான், ஜும்மாவுக்கு வெளிக்கிட்டு, வெள்ளைச் சட்டை. உள்ளே போக விடாமல் நின்றார். சிரிப்பை அடக்குகிறாரா, பயப்படுகிறாரா, தெரியவில்லை.

"புள்ள, பதறாத. உன்ட தவிசாளர் முட்டை இட்டிருக்கார்."

இருபத்திரண்டு. கிளறிய மூலையில், குழிக்குள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

நான் பார்த்தும் பார்க்காதவை: கிளறியது. தின்னாதது. நிறை. அடிபடாதது. கை காட்டியது. வளர்ந்த ஆண் அப்படிக் கை காட்டாது, பெண்தான் காட்டும். என் புத்தகத்தில் அந்த வரிக்கு நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். வாலைத் தூக்கிப் பார்த்தது ஒரே ஒரு தடவை, சுண்டுவிரல் நீளக் குட்டியாக இருந்தபோது. மற்றவர்களுடையதும் அப்படித்தான், வாங்கிய அன்று பார்த்ததோடு சரி. கடிதத்துக்காக ஒன்றையும் திரும்பப் பார்க்கவில்லை. நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன் அல்லவா.

ஜன்னலைச் சாத்தி, போன் வெளிச்சத்தில் ஒரு முட்டையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. கரு உண்டு.

எங்கள் ஏழு பேருக்கும் ஒரு விதி, போட்டது நான்: முட்டை கண்டால் அன்றைக்கே பிரீசரில் வைக்க வேண்டும், உள்ளே ஒன்றும் உருவாக முன்னம். ஐஸ்கிறீம் பெட்டியில் அடுக்கி, சூரை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். முதலில் அந்த இருபத்திரண்டுக்கு. பிறகு என் கையெழுத்துக்கு.

மு.வை வேறு பெட்டிக்கு மாற்றியாயிற்று. த. வற்றிப்போய்க் கிடக்கிறார். கிடக்கிறாள். தண்ணீர், கல்சியம் தூள், இரண்டு வெட்டுக்கிளி. தின்றாள்.

ஜூலை 12, சனி

ஏழு பேரையும் என் வீட்டுக்கு, ஊர்வனவோடு வரச் சொன்னேன். துணிக்கடைக்காரர் இகுவானாவைச் சீனிச் சாக்கில் கொண்டுவந்தார். முட்டையைக் காட்டினேன். பிறகு டோர்ச்சை எடுத்து, பதினான்கையும் முதலிலிருந்து. பாம்புக்கு நான் பார்த்துச் சொன்னதே ஊகம் என்று ஒப்புக்கொண்டேன், அதற்கு மிருக வைத்தியர்தான் வேண்டும்.

மொத்தப் பிழை மூன்று. என்னுடைய த. துணிக்கடை இகுவானா (தனியே இருப்பதால் பாதகமில்லை). சாதிக்கின் பல்லிகளில் ஒன்று ஆண்.

சாதிக் தன் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், மார்ச்சில எனக்கும் ரெண்டு முட்டை கிடந்திச்சி. நீங்க நாலும் பொட்டை எண்டு சொல்லிட்டீங்க. டீச்சர் பிழை விட மாட்டா, இது கரு இல்லாத முட்டையாக்கும் எண்டு குப்பையில எறிஞ்சிட்டன்."

இது முட்டையைக் கண்டதைவிடச் சுட்டது. கண்ணால் கண்ட மனுசனை என் பேச்சு நம்பவிடாமல் செய்திருக்கிறது. திணைக்களம் எதற்குப் பயப்படுகிறதோ அதுவே சாய்ந்தமருதுக் குப்பையில் நடந்திருக்கிறது.

கூட்டத்தில் சொல்வதா, விடுவதா? சாதிக்குக்கு விருப்பமில்லை. முட்டை ஐஸில் கிடக்கிறது, யாருக்குத் தெரியும், வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள் என்றார். துணிக்கடைக்காரரும் அந்தப் பக்கம். செல்வம்தான் மறுத்தார்.

"மறைச்சி வெச்சி மறுகா தெரிஞ்சா, பதினாலையும் அள்ளிட்டுப் போயிருவாங்க டீச்சர். நீங்க சொன்னாத்தான் மிஞ்சும்."

ஐந்துக்கு இரண்டு. சொல்வது.

மாலையில் மூன்றாவது பந்தியைப் புதிதாக எழுதினேன். எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். ஆணா பெண்ணா என்று மிருக வைத்தியர் வருடாவருடம் பார்க்கட்டும். ஒரு பெட்டிக்கு ஒன்று. ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் கூடாது. முட்டை கண்டால் அறிவிக்க வேண்டும். பழையதைவிட இது நல்ல பந்தி. பிழைவிட்டவள் எழுதியதால் நல்ல பந்தி.

ஜூலை 15, செவ்வாய்

லீவு. சாதிக்கின் வான் வண்டியில் அம்பாறை. சம்மாந்துறை தாண்டும்வரை புதிய மூன்றாவது பந்தியை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். மடியில் ஐஸ் பெட்டி, அதற்குள் ஐஸ்கிறீம் பெட்டி.

மேசையில் ஐந்து பேர். நடுவில் தலைமை தாங்கிய அம்மா, நரைத்த கொண்டை, கண்ணாடி நெற்றியில். எனக்கு முன்னால் ஒருவர் பேசினார். வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன வெளிநாட்டு ஆமைகளைக் குளத்தில் விட்டதால் நம் ஆமைகளுக்கு வந்த கேட்டைச் சொன்னார். நன்றாகப் பேசினார். அவர் சொன்னது சரி. எதிராளி சரியாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும், இன்று வரவில்லை.

என் முறை. முதல் வசனமே: நான் அனுப்பிய கடிதத்தில் மூன்றாவது பந்தி பிழை. பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். குப்பையில் போன இரண்டையும், சாதிக்கின் சம்மதத்தோடு, சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. உயிரியல் டீச்சருக்கே தெரியவில்லை என்றால் மற்றவர்களை எப்படி நம்புவது என்று கேட்டார்.

நம்ப வேண்டாம், வந்து பாருங்கள் என்றேன். தடை போட்டால் வளர்ப்பதை விடமாட்டார்கள், ஒளித்து வளர்ப்பார்கள். ஒளித்து வளர்ப்பவன் முட்டையைக் குப்பையில் எறிவான். பதிவு செய்தவன் உங்கள் மேசைக்குக் கொண்டுவருவான். இதோ கொண்டுவந்திருக்கிறேன்.

அவர் முட்டைகளைப் பார்த்தபடி நெடுநேரம் எழுதினார். பிறகு, ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் கூடாது என்கிறீர்கள், உங்கள் வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். அடுத்த தெருவுக்கு மாற்றுவீர்களா?

இல்லை, ஒன்றை இந்தக் கிழமையே ஒப்படைக்கிறேன், மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்புங்கள் என்றேன். என் வாய். மனது அதைப் பிறகுதான் கேட்டது. சாதிக்கும் எழுந்து, தன்னுடைய ஆண் பல்லியைத் தருவதாகச் சொன்னார். அவருடைய பல்லிக்குப் பெயர்கூடக் கிடையாது.

முடிவில் அந்த அம்மா சபைக்குச் சொன்னது: இப்போது வைத்திருப்பவர்கள் இந்த நிபந்தனைகளோடு வைத்திருக்கலாம் என்று நாங்கள் சிபாரிசு செய்வோம், புதிதாக வாங்குவதற்கு இடமில்லை. இறுதி முடிவு மேலே. சிபாரிசு போதும். இது நிற்கும், எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது. பிளேன்டீ, வடை, சிரிப்பு. வென்றுவிட்டோம். எழுதி வைக்கிறேன்: வென்றுவிட்டோம்.

ஜூலை 17, வியாழன்

அரை நாள் லீவு. காற்று குறைவு.

எதைக் கொடுப்பது என்று மச்சான் கேட்டார். கேட்கத் தேவையில்லாத கேள்வி. ஒரு தடவை சேர்ந்தால் போதும், த. இன்னொரு தடவையும் கருவோடு முட்டையிடக்கூடும். தினமும் மண்ணைக் கிளறிப் பார்க்கிற ஆளிடம் அவள் இருக்க வேண்டும். ஆகவே மு. போக வேண்டும். பேப்பர் திருத்தும்போது என் தோளில் படுத்திருப்பவன் அவன்தான். நேற்று 31 பேப்பரையும் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு திருத்தி முடித்தேன். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது நல்லது.

பத்து மணிக்கு ஜீப். வந்த உத்தியோகத்தர் நடுவயது, ஓணானைத் தொடப் பயந்தார். கடிக்காது என்று கையில் வைத்துக் காட்டினேன். படிவத்தில் பால் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். கதை அவருக்கும் போயிருக்கிறது. வாலை உயர்த்தி, டோர்ச் அடித்து, அவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு புடைப்பு. ஆண். கையெழுத்து வைத்தேன்.

சொல்லிக் கொடுத்தவை, அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார்:
பல்பு காலை ஆறுக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணைப்பது.
பசளிக் கீரை அதிகம் கூடாது.
வெட்டுக்கிளி மருந்தடிக்காத இடத்தில் பிடித்தது.
தூக்கும்போது வயிற்றுக்குக் கீழே கை.
பெயர் முதலாளி. சிங்களத்திலும் முதலாளிதானே என்றார். ஓம்.

அட்டைப்பெட்டியின் ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டே போனான். நான் கேற் மட்டும் போகவில்லை. உள்ளே வந்து அவன் கல்லைக் கழுவி வெயிலில் வைத்தேன், யாருக்காக என்று தெரியாமல். நெஞ்சு கனக்கிறது. செய்தது சரிதான், அதில் சந்தேகமில்லை, கனம் மட்டும் போகவில்லை.

பூசணிப்பூ. பூசணிப்பூ என்றால் கையிலிருந்தே வாங்கித் தின்பான், வேறொன்றுக்கும் அப்படி வரமாட்டான். அதைச் சொல்லவேயில்லை. ஜீப் இப்போது அம்பாறையைத் தாண்டியிருக்கும். போன் எடுக்கிறேன்.