மூடுபனிக்குள் போய்வந்த நாய்

14 ஜூலை 1976, புதன். ஹோல்புரூக்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு சிட்னியை விட்டாயிற்று. நான் வேலை பழக்கியவனையே எனக்கு மேலதிகாரியாக்கிய கந்தோரை இனி நினைப்பதில்லை என்றிருந்தேன். வழி முழுக்க அதைத்தான் நினைத்தேன்.

டார்கட்டா என்ற ஊரைத் தாண்டியதும் மூடுபனி. நாய்கள் இரண்டையும் தெருவோரம் இறக்கினோம். சின்னி உடனே திரும்பிவிட்டாள். வீரன் அரைமணி நேரம் வரவில்லை. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். கடைசியில் நான் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து காரில் ஏறினான். என் கோட்டு நனைந்து கனத்திருந்தது. அவன் உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஒன்பது வருடமாக என் மனைவி மங்களத்தை அண்டவிடாதவன், அவள் மடியில் தலைவைத்துப் படுத்தான்.

"இண்டைக்குத்தான் ஐயாவுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தாள்.

"இது வீரன் இல்லை."

"ஆக்களோட கோவிச்சு முடிஞ்சு இப்ப நாயோடயும் தொடங்கிட்டீங்களோ?"

மோட்டல்காரனுக்குத் தெரியாமல் இரண்டையும் அறைக்குள் கொண்டுவந்தோம். மங்களம் தூங்கிவிட்டாள். அது அவள் காலடியில் கிடக்கிறது. சின்னி கதவோடு ஒட்டி நின்று அதைப் பார்த்து உறுமுகிறாள். வெளியே புல் வெள்ளையாக உறைந்துவிட்டது. இந்தக் குளிரில் வீரன் விடியும்வரை தாங்கமாட்டான்.

சற்றுமுன் "வீரா" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன். எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது.

காரை எடுத்துக்கொண்டு அந்த மூடுபனி இடத்துக்குத் திரும்பிப் போகப் போகிறேன். அங்கே வீரன் நின்றால், மங்களத்தை எதனோடு தனியே விட்டுவந்தேன்?