இலவசமா ஒண்ணு இருக்கும்மா

மேனாம்பேடு,
அம்பத்தூர்.
புரட்டாசி மொத சனிக்கிழமை.

அன்பு மகன் அஜித்குமாருக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போத்திக்கினு நல்லா இருக்கியான்னு தெரிஞ்சிக்க மனசு அடிச்சிக்குது. கடுதாசின்னா இந்த ஒரு வரியை எல்லாரும் ஒரு பேச்சுக்குப் போடுவாங்க, நானே எத்தனையோ பேருக்கு டைப் அடிச்சிக் குடுத்திருக்கேன், இன்னிக்கு நெசமாவே தெரியாமத்தான் கேக்கறேன். போன்ல கேக்காம எதுக்கு இவ்ளோ நீட்டா எழுதி மெயில்ல அனுப்பறாளோன்னு நெனைக்காத கண்ணு, போன்ல கேட்டா நீ ஒரு பதில் சொல்லுவ, அதுக்கு மேல என்னால கேக்க முடியாது, அதான்.

அப்பா காலையிலயே குளிச்சு நாமம் போட்டுக்கினு பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வந்தாரு, நான் ஊட்ல சாமிக்குப் படைக்கத் தளிகை போட்டேன். முட்டி வலி அப்படியேதான் கீது, தைலம் தேய்ச்சா ஒரு நாள் அடங்குது, மறுநாள் திரும்ப வந்துடுது. தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்காங்க, நேத்து மழையில பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியல, பால்காரர் வண்டியோட சாஞ்சிட்டாரு, நல்ல காலம் அடி ஒண்ணும் இல்ல. உன் ரூம்ல மட்டும் ஒழுகிச்சு, பக்கெட் வெச்சேன். இதெல்லாம் எப்பவும் உள்ளதுதான். நான் எழுத வந்தது வேற.

ஆடி முடியற சமயத்துல பூங்காவனம் டீச்சர் காலாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எழுதிக்கினு வந்தாங்க. அவங்க ஸ்கூலை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எல்.கே.ஜி. முதக்கொண்டு அஞ்சாவது வரைக்கும் நம்ம ஊட்டு முன்ரூம்லதான் டைப் ஆவுது, உனக்குத் தெரியாததா. போன வருஷத்து ஃபைலைத் திறந்து தேதியை மாத்தலாம்னு பாத்தா, மேல செவப்பா ஒரு பட்டை. டைப் அடிக்கிற சாப்ட்வேருக்கு வருஷ சந்தா முடிஞ்சிடுச்சாம், பாத்துக்கலாம், பிரிண்ட் எடுத்துக்கலாம், ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாதாம். நான் கீபோர்டைத் தட்டறேன் தட்டறேன், ஒரு புள்ளி விழல. சொந்த ஊட்டுக்கு வெளிய நின்னு ஜன்னல் வழியா உள்ள எட்டிப் பாக்கறா மாதிரி இருந்துச்சு. எல்லாம் உள்ள இருக்கு, நான் பண்ணினதுதான், கை மட்டும் போவல.

உடனே உனக்குத்தான் போன் பண்ணேன். போன வருஷம் உன் ஆபீஸ் மெயிலைப் போட்டு, வேலை செய்றவங்களுக்குக் குடுக்கிற தள்ளுபடில நீதான் எனக்கு அதை வாங்கிப் போட்டுக் குடுத்த, இந்த வருஷமும் அதே மாதிரி பண்ணுடான்னு கேட்டேன். பாக்கறேம்மான்ன. ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா மீட்டிங்ல இருக்கேம்மா, சாயங்காலம் பண்றேன்ன. சாயங்காலம் பண்ணல. அப்புறம் ஒரு நாள் கேட்டப்ப, இந்த வருஷம் அந்தத் தள்ளுபடி ஏதோ மாறிடுச்சும்மா, விசாரிக்கறேன்னு சொல்லி வெச்சிட்ட. எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

உன்னை நம்பிக்கினு இருந்தா டீச்சர் வந்து கேப்பாங்களேன்னு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் ஸ்டாப் கிட்ட கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கிற பரந்தாமன் கிட்ட போனேன். அவன் சிரிச்சிக்கினே, இதுக்கா அக்கா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு வந்தே, சாப்ட்வேரைத் திறக்கற கீ நம்பர் என்கிட்ட கீது, ஆயுசுக்கும் சந்தா கேக்காது, ஊரே இதத்தான் போட்டுக்கினு கீதுன்னான். ஒரிஜினலாப்பான்னு கேட்டேன். ஒரிஜினல் மாதிரியே ஓடும்க்கான்னான். அந்த மாதிரியேன்றதுலயே எனக்குப் புரிஞ்சிருக்கணும். ஒரு வாரம் ஓடிச்சு, எல்லாக் கேள்வித்தாளையும் முடிச்சிடலாம்னு சந்தோஷமா அடிச்சிக்கினு இருந்தேன், ரெண்டாம் வகுப்பு தமிழ் பாதி போறப்ப மறுபடியும் அதே செவப்புப் பட்டை வந்துடுச்சு. இந்தத் தடவை இது போலி, கடையில ஏமாந்துட்டீங்கன்னு வேற எழுதி இருந்துச்சு. திரும்பக் கடைக்குப் போனா, கம்பெனிக்காரன் கட் பண்ணா நான் இன்னாக்கா பண்றது, இன்னொரு கீ போட்டுத் தரவான்றான். வேணாம்பான்னு வந்துட்டேன். வெயில்ல நடந்து வர்றப்ப யாரு கிட்ட போயி என்னன்னு கேக்கறதுன்னே தெரியல.

எதிர்வூட்டு சௌம்யா இருக்கா இல்ல, இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், அவளுக்குக் காலேஜ்ல அந்த சாப்ட்வேர் சும்மாவே குடுத்திருக்காங்களாம், என் மெயில்ல உள்ள போயி அடிச்சிக்கோங்க ஆன்ட்டின்னா. படிக்கிற புள்ளைக்குக் குடுத்ததை நான் எடுத்து வேலைக்கு வெச்சிக்கறது சரியான்னு யோசனை வந்துச்சு, ஆனா தலைக்கு மேல வேலை நிக்குது. சரின்னு உள்ள போனா அது அவ போனுக்கு நம்பர் அனுப்புது, அவ கிளாஸ்ல இருக்கா, போன் பையில இருக்கு. அவ பஸ் புடிச்சு வர்ற வரைக்கும் நான் நம்பர் கேக்கற அந்தக் கட்டத்தைப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். மறுநாளும் அப்படியேதான் ஆச்சு. அப்புறம் நானே வேணாம்மா, உனக்கு ஏதாச்சும் சொல்லிடப் போறாங்கன்னு விட்டுட்டேன். நெட்லயே அடிக்கலாம், அது இலவசம்னும் சொன்னா. தெருவைத் தோண்டினவன் நெட் கேபிளையும் சேர்த்து அறுத்துட்டுப் போயிட்டான்.

அதுக்குள்ள பூங்காவனம் டீச்சர் வந்துட்டாங்க. நல்ல மனுஷி, ஒரு வார்த்தை கடுமையாப் பேசல. உங்களக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான், மூணாவது நாலாவது அஞ்சாவது நான் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு இடத்துல டைப்புக்குக் குடுத்துட்டேன், சின்னப் பசங்களுது மட்டும் நீங்க பண்ணிக் குடுங்கன்னாங்க. நான் தலையை ஆட்டினேன். அவங்க போனப்புறம் அப்பா காபி கேட்டாரு, எனக்குக் காதுல விழல. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அன்னிக்கு சாயங்காலம் நீயா போன் பண்ண. நான் அழுதுட்டேன். அப்புறம்தான் சொன்ன, அம்மா, இலவசமா ஒண்ணு இருக்கும்மா, லிப்ரே ஆபீஸ்னு, சந்தா கிடையாது, கீ கிடையாது, யாரும் கட் பண்ண மாட்டாங்க, நாளைக்கு மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு, நான் போட்டுத் தரேன்னு. ஓசில குடுக்கிறவன் பின்னாடி என்ன கேப்பானோன்னு சொன்னேன். ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா, உலகம் முழுக்க இருக்கிறவங்க சேர்ந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்கட்டும்னு வெச்சிருக்காங்கன்ன. அப்படியும் மனுஷங்க இருக்காங்களான்னு இருந்துச்சு.

கேபிளை ஒட்டிட்டுப் போயிருந்தாங்க. செவ்வாக்கெழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் உக்காந்தோம். நீ அங்கேர்ந்து மவுஸை நகர்த்த, இங்க என் ஸ்கிரீன்ல அந்த அம்பு தானா ஓடுது. உன் கையைப் பாத்து எத்தனை நாள் ஆச்சு, அந்த அம்பையே பாத்துக்கினு இருந்தேன். நீ அதைப் போட்ட, பழைய ஃபைலைத் திறந்த, எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா வந்துச்சு, என் பழைய தமிழ் ஃபான்டைத் தேடிப் போட்டு சரி பண்ண. கட்டமெல்லாம் நகர்ந்து, கோடிட்ட இடத்தை நிரப்புகன்றது ஒரு பக்கத்துலயும் கோடு அடுத்த பக்கத்துலயும் போயி நின்னுச்சு. ஒவ்வொரு கட்டமா இழுத்து வெச்ச. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ, பழைய கீபோர்டுல எந்த எழுத்து எங்கன்னு விரலுக்குத்தான் தெரியும், அதுவும் அப்படியே வர்றா மாதிரி பண்ணிக் குடுத்த. நான் ஒண்ணையே நாலு தரம் கேட்டப்பவும் சலிச்சிக்கல. வெளக்கு வெக்கற நேரம் ஆச்சு, அப்பவும் நீ இருந்த. புதன்கெழமையும் அதே மாதிரி இருந்த.

புதன்கெழமைதான் எனக்கு உறைச்சுது. இங்க மத்தியானம்னா அங்க காலைல ஆபீஸ் நேரம். வெளக்கு வெக்கற நேரம்னா அங்க இன்னும் பொழுது கீது. ரெண்டு நிமிஷம் பேசறதுக்குள்ள மீட்டிங்னு போனை வெக்கிற புள்ளை, வார நாள்ல, பட்டப்பகல்ல, ரெண்டு நாளா அம்மா கூட கட்டம் இழுத்துக்கினு உக்காந்திருக்குது, ஒரு தடவை யாரும் கூப்பிடல, ஒரு தடவை இரும்மான்னு சொல்லல. இன்னிக்கு லீவாடான்னு கேட்டேன். ஆமாம்மா, ஏதோ லீவுன்ன. நேத்துமான்னு கேட்டேன். அந்த அம்பு ஸ்கிரீன் நடுவுல அப்படியே நின்னுடுச்சு. அப்புறம், அம்மா, இப்ப இங்க கிளிக் பண்ணு, இது சேவ் பண்றதுக்குன்ன. நான் கிளிக் பண்ணேன். வேற என்ன பண்ணுவேன்.

அப்பா கிட்ட சொன்னேன். அவரு மொதல்ல நம்பல, நீயா எதையாச்சும் நெனைச்சிக்காதன்னாரு. அப்புறம் அவரேதான் விக்ரம் நம்பரை எடுத்துக் குடுத்தாரு. ஐயப்பன்தாங்கல் பையன், உன் கூடவே ஒரே ஊட்ல இருக்கிறவன், அவன் பொய் சொல்ல மாட்டான்னு போன் பண்ணேன். நான் ஹலோன்னதுமே அவன் குரல் மாறிடுச்சு. ஆன்ட்டி, அவனே சொல்லுவான் ஆன்ட்டி, நான் சொன்னா நல்லா இருக்காதுன்னான். சொல்ல வேணாம் நைனா, வேலை போயிடுச்சான்னு மட்டும் கேட்டேன். ஆனி மாசமே ஆயிடுச்சு ஆன்ட்டி, ஒரு டீமையே எடுத்துட்டாங்க, அவன் தப்பு ஒண்ணும் இல்ல, தேடிக்கினுதான் இருக்கான், விசா கெடு வேற ஓடிக்கினு கீது, ராத்திரியெல்லாம் தூங்கறதில்லன்னான். அவனைத் திட்டாத கண்ணு. நான்தான் அவன் வாயைப் புடுங்கினேன்.

அப்ப ஆனிலேர்ந்து நீ சொன்ன மீட்டிங் எல்லாம் என்ன நைனா? போனை வெச்சிட்டு எங்க உக்காந்திருந்த? நான் வேற ஆபீஸ் மெயிலு ஆபீஸ் மெயிலுன்னு உன்னை அரிச்சி எடுத்திருக்கேன். இல்லாத மெயிலுக்கு நீ எங்க போவ. அதைச் சொல்ல முடியாமத்தானே ரெண்டு நாள் உக்காந்து இதைப் போட்டுக் குடுத்த. நெனைச்சா சோறு எறங்க மாட்டேங்குது. எனக்கு அந்த ஊர்ல வேலை எப்படித் தேடறாங்கன்னு தெரியாது, விசான்னா என்னன்னு முழுசாத் தெரியாது, யாரைப் பாத்து என் புள்ளைக்கு ஒண்ணு பண்ணுங்கன்னு கேக்கறதுன்னும் தெரியாது. இங்க எஸ்டேட்ல வேலை தேடி வர்ற எத்தனை பசங்களுக்கு பயோடேட்டா அடிச்சிக் குடுத்திருக்கேன், அவனவன் அதை எடுத்துக்கினு போயி வேலைல சேந்துட்டு ஸ்வீட்டோட வந்து நின்னிருக்கான். என் புள்ளைக்கு அடிச்சிக் குடுக்க எனக்கு ஒரு வார்த்தை தெரியல.

நேத்து மழை விட்டதும் அப்பா ஏணியைப் போட்டு உன் ரூம் மேல தார்ப்பாய் கட்டினாரு, அந்த முட்டியை வெச்சிக்கினு. எதுக்கு இப்பன்னு கேட்டேன். அவன் வந்தா எங்க படுப்பான்னாரு. வரச் சொல்லுன்னு சொல்லல, வர வேணாம்னும் சொல்லல, எறங்கி கை கழுவிட்டுப் போயிட்டாரு.

சின்னப் பசங்க கேள்வித்தாளை அந்த இலவச சாப்ட்வேர்லயே முடிச்சிக் குடுத்துட்டேன், நல்லாத்தான் வந்துது, டீச்சர் ஒண்ணும் குறை சொல்லல. அரையாண்டுக்குப் பெரிய கிளாஸ் திரும்பக் குடுப்பாங்களான்னு தெரியல, நான் கேக்கல. இந்தக் கடுதாசியும் அதுலதான் அடிக்கறேன்.

நீ அங்கயே இருந்து தேடறதுன்னாலும் தேடு, வர்றதுன்னாலும் வா. எதுக்கு வந்தான்னு தெருவுல கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீ எதுவும் தயார் பண்ணிக்க வேணாம். ராத்திரி போனைப் பாத்துக்கினே படுக்காத. விக்ரம் சமைச்சா கூட உக்காந்து சாப்பிடு, பசிக்கலன்னு ரூம்குள்ள போயிடாத. தலைக்கு எண்ணெய் வை. பெருமாள் உனக்கு ஒரு வழி காட்டுவாரு, எங்க ஆசீர்வாதம் எப்பவும் உன் தலை மேல கீது, நீ நல்லா இருப்ப.

ஒண்ணு மட்டும் மறக்காத. இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல, விளக்கமும் வேணாம். போன் பண்ணு. பேச ஒண்ணும் இல்லன்னாலும் பண்ணு. நீ அங்க சும்மா இரு, நான் இங்க சும்மா இருக்கேன், லைன் ஓடட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. தாட்சாயிணி